அக்கரை

காலைக் கஞ்சிக் கிண்ணத்தில்
வலப்பாதி துடைத்தாற்போல் காலி.
இடப்பாதியில் ஏடு படிந்து கிடக்கிறது.
"இன்றைக்குக் கொஞ்சமாக வைத்துவிட்டார்கள்"
என்கிறார் தைஸ்தோ.
கிண்ணத்தைத் திருப்பி வைக்கிறேன்.
கஞ்சி மறுபடி முளைக்கிறது.
ஆஸ்பத்திரியின் தாராளத்தை மெச்சிக்கொள்கிறார்.

கடிகாரம் வரையச் சொன்னேன்.
வட்டம் சுத்தமாக விழுந்தது.
பன்னிரண்டு எண்களும் வலது ஓரத்தில்
கடைசிப் பேருந்தைப் பிடிப்பவர்கள் போல
நெருக்கியடித்து நின்றன.
மிச்ச வட்டத்தில் ஆளே இல்லை.

துர்க்கு நகரில், ஆரா ஆற்றின் குறுக்கே
முப்பத்தோர் ஆண்டு படகு விட்டவர்.
காசு வாங்காத படகு. ஒன்றரை நிமிடப் பயணம்.
கரைகளுக்குப் பெயர் கேட்டால் அவ்வூரில்
"ஆற்றுக்கு இந்தப் பக்கம்", "ஆற்றுக்கு அந்தப் பக்கம்",
அவ்வளவுதான் சொல்வார்கள்.
பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
மூளையின் வலப்புறத்தில் ஒரு நாளம் அடைத்துக்கொள்ள
அந்தப் பக்கம் போயிற்று.

கண்ணில் கோளாறில்லை. சோதித்தாயிற்று.
ஒளி உள்ளே போகிறது.
போன ஒளியை
யாரும் வா என்று கேட்பதில்லை.

மூன்று வாரமாக ஹில்க்கா
கட்டிலுக்கு இடப்புற நாற்காலியில்
கையுறை பின்னிக்கொண்டிருந்தாள்.
"என் மனைவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை" என்று
அவள் காதுபடவே செவிலியிடம் குறைபட்டார்.
நாற்பது வருஷத்தில் கொஞ்சமாவது அக்கறை இருந்ததா
என்று நடைவழியில் என்னிடம் அழுதாள்.
தொலைந்தது அக்கறை இல்லை, ஹில்க்கா.
அக்கரை.

யார்க்கோ கணினிக்குள் ஓர் ஆறு கட்டினான்.
படகு, சுக்கான், கலங்கல் தண்ணீர்.
நீரோட்டத்தை எதிர்த்துப் பார்த்தால்
வலக்கரையில் பேராலயக் கோபுரம்.
இடக்கரையில் லிண்டன் மரங்கள், மஞ்சள் சைக்கிள்,
நீலக் கோட்டுக்காரி ஒருத்தி.
வாத்துகள் இருபது. எண்ணித்தான் விட்டோம்.

பெட்டியைக் கண்ணுக்கு மேல் மாட்டினோம்.
"எத்தனை வாத்து?"
"ஏழு."
"எத்தனை கரை?"
கேள்வியே பிடிக்கவில்லை அவருக்கு.
"ஆற்றுக்கு எத்தனை இருக்கும்? இரண்டு."
"காட்டுங்கள்."
கோபுரக் கரையைக் காட்டினார்.
கொஞ்சம் தள்ளி
அதே கரையை இன்னொரு முறை காட்டினார்.

என் திரையில் அவர் பார்வை ஒரு சிவப்பு நூல்.
கோபுரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது.
நடுவாற்றுக்கு நான்கு டிகிரி முன்பே
வேலியில் முட்டிய ஆடு போலத் திரும்பிவிடுகிறது.
காகிதக் கோடுகளால் அளந்த காலத்தில்
ஒருவரின் உலகம் எங்கே முடிகிறதென்று
இத்தனை துல்லியமாக எனக்குத் தெரிந்ததில்லை.

பிறகு தினமும் இருபது நிமிடம்.
இடக்கரையில் மணியடிப்போம்.
கோபுரத்தை மங்கலாக்குவோம்.
ஒரு வாத்தை வலப்பக்கம் காட்டி
மெல்ல, மெல்ல, இந்தண்டை நீந்தவிடுவோம்.
நூல் பின்னாலேயே போகும். அறும்.
மறுநாள் ஒரு விரற்கடை கூடப் போகும்.
சில நாள் குறையும்.
சில நாள் "தலை சுற்றுகிறது, எடு" என்று கத்துவார்.

பதினேழாம் நாள்
வாத்து இல்லை, மணி இல்லை,
யார்க்கோ காப்பி எடுக்கப் போயிருந்தான்.
நூல் தானாக நகர்ந்தது.
நடுவாறு. கலங்கல். மரம். மரம். சைக்கிள்.
நின்றது.
"அந்தப் பெண் படகுக்கு நிற்கிறாள்" என்றார்,
பணியில் இருப்பவரின் குரலில்.
"எவ்வளவு நேரமாக நிற்கிறாள்?
யாராவது சொல்லக் கூடாதா?"

பெட்டியைக் கழற்றினோம்.
இடப்பக்கம்தான் நின்றாள் ஹில்க்கா.
வலப்பக்கம் இருந்த என்னிடம்
"மனைவி வருவாளா இன்றைக்கு?" என்றார்.
படகில் கிடைத்த கரை
அறைக்குள் கூட வரவில்லை.
சிலருக்கு வருகிறது. இவருக்கு வருமா, தெரியாது.
எழுதிக்கொண்டேன்: வாத்து, இருபதில் பதினான்கு.

கைத்தடியோடு கிளம்பினார்.
வாசலில் இடத்தோள் நிலைச்சட்டத்தில் மோதியது.
தினமும் மோதிக் கன்றிப்போன அதே தோள்.
மோதியது தெரியாமலே போய்விடுகிறவர்
இன்று நின்றார்.
முகத்தைத் திருப்பவில்லை.
அங்கே யாரோ இருப்பது போல
"மன்னியுங்கள்" என்றார்.

"பரவாயில்லை" என்றாள்
அந்தப் பக்கமாக நடந்துகொண்டிருந்த ஹில்க்கா.