மூச்சுவாங்கி

படத்தாளில் சமவுயரக் கோடு
ஐந்து மீட்டருக்கு ஒன்று.
அந்த மேடு நாலே மீட்டர்.
இரண்டு கோடுகளுக்கு நடுவே
வெறும் தாளாய்ப் படுத்திருக்கிறது.

செட்டியார் தெருப் பக்கமிருந்து
கொட்டாஞ்சேனைக்கு அரிசி ஏற்றி வரும்
கைவண்டிகளின் பின்னால் நடந்தால்
தாள் பொய் சொல்வது கேட்கும்.
முதலில் அச்சாணி முனகும்,
பிறகு ஆள்.

நில அளவைத் திணைக்களத்தின் படிவம்:
இடத்தின் பெயர். மாற்றுப் பெயர்.
ஒல்லாந்தர் காலப் பெயர், தெரிந்தால்.
சொன்னவர். கையொப்பம்.
இடத்தோடு அவருக்குள்ள தொடர்பு.
ஒரு பெயருக்கு மூன்று வாய் வேண்டும்.

லொத்தர் விற்கும் பெர்னதெத் சொன்னாள்:
"மூச்சுவாங்கி. வேற என்ன?
இழுத்துட்டு வந்து இதிலதான் நிப்பாங்க.
நிக்கிறவங்க இருக்கிற இடத்துலதானே
நானும் நிக்கணும்."
கையொப்பம் போட்டாள்,
வெள்ளிக்கிழமைச் சீட்டு ஒன்றை
என் தலையில் கட்டிவிட்டு.

தேநீர்க்கடை ஜெய்னுதீன்
சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று,
கோபம் வந்தால் சொல்வது ஒன்று என
மூன்று பெயர் தந்தார்.
கடைசியை எழுத முடியாது.
மற்ற இரண்டிலும் மூச்சு இருந்தது.
இரண்டு வாய்.

மூன்றாவதுக்கு ஒரு நாட்டாமையை மறித்தேன்.
மறிக்கக் கூடாத இடம், பாதி ஏற்றம்.
சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்.
படிவத்தைப் பார்த்தார், பேனையைப் பார்த்தார்.
"மேட்டுக்குப் பேர் எழுதுங்க.
எனக்கு எதுக்கு?
ஒருக்கா வந்து பேர் எழுதிட்டுப் போனாங்க.
அடுத்து வந்தவங்க கையில
அந்தப் பட்டியல் இருந்திச்சு."

எந்தப் பட்டியல் என்று நான் கேட்கவில்லை.
என் வீட்டிலும் யாரும் கேட்பதில்லை.

மேட்டுக்குக் கீழே ஓர் ஓடை.
கொங்கிறீட் சிலாப்புகளுக்கு அடியில் ஓடுவதால்
காதால்தான் அளக்க வேண்டும்.
சிலாப்பின் மேல் வீடுகள்,
வீட்டுக் கதவுகளில் சிவப்பு மையில் இலக்கங்கள்,
கதவடியில் ஒரு பெண் பிள்ளையை அதட்டினாள்,
அந்த ஓடையின் பெயரைச் சொல்லி.
அழகான பெயர். இரண்டே அசை.
என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.
பெயர் கிடைக்கவில்லை என்று எழுதினேன்.
பதினொரு வருடச் சேவையில்
கூசாமல் எழுதிய பொய் அது.

திரும்பி வந்தபோதும்
வண்டி அங்கேயே நின்றது.
"சும்மா நிக்கிறீங்களே, தள்ளுங்களேன்."
கோப்பை அரிசி மூட்டை மேல் வைத்துத் தள்ளினேன்.
நாலு மீட்டர்.
உச்சியில் எனக்குப் பேச்சு வரவில்லை.
சொன்னவர்: வி. திலகேஸ்வரி.
இடத்தோடு தொடர்பு: ஒரு தடவை.

பத்து மாதம் கழித்து அச்சாகி வந்தது.
மூச்சு வங்கி.

ஒரு கால்தானே விழுந்திருக்கிறது,
அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார்
அத்தியட்சகர் விதானாராச்சி.
அடுத்த பதிப்புக்கு
நானும் இருக்க மாட்டேன், அவரும்.

தாளைச் சுருட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.
வியர்வை சொட்டாமல் தள்ளிப் பிடித்து
எழுத்தெழுத்தாய் வாசித்தார்.
பிறகு சிரித்தார்,
பெர்னதெத் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.
"சரியாத்தான் போட்டிருக்காங்க.
தினம் போடுறோம்.
இன்னும் ஒருத்தனும் எடுக்கல்ல."

கட்டையைக் காலால் தட்டிவிட்டு
வண்டியைப் பிடித்தார்.