வாலுள்ள பூஜ்யம்

ஒன்பதாவது முறையாக வந்திருந்தாள் சமிலே ஸ்கெந்தரி.
கண்ணாடித் தடுப்பின் அடியில் தள்ளினாள்
அதே பாலிதீன் உறையை:
தடுப்பூசி அட்டை, கல்யாணப் புகைப்படம்,
பள்ளிக்கூடத்தில் தரை துடைப்பதற்கான சம்பளச் சீட்டு.
பிறந்ததற்கு மட்டும் தாள் இல்லை.

பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம்.
நாங்கள் பெச் என்போம், அவர்கள் பெயா என்பார்கள்,
ஊருக்கே இரண்டு பெயர்.
போர் முடிந்த வருஷம் பதிவேடுகள் லாரி ஏறிப் போயின.
நனைந்தது பாதி.
மிச்சம் திரும்பி வந்ததாம், ஸ்கேன் செய்தார்களாம்.

இருபத்தாறு குளிர்காலமாக பொத்கோரிட்சாவில் இருக்கிறாள்,
வாக்காளர் பட்டியலில் இல்லை.
வாக்குச்சாவடி அவள் வேலை பார்க்கும் அதே பள்ளிக்கூடம்.
ஊரே வந்து மிதித்துவிட்டுப் போன சேற்றை
மறுநாள் துடைப்பவளும் அவள்தான்.

என் மேல் தப்பில்லை, சட்டம் அப்படி.
எட்டு முறை இதைச் சொல்லியிருக்கிறேன்,
ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் தணிந்து.

இந்த வாரம் திரையில் புதிதாக ஒரு பொத்தான்.
அக்கம்பக்கத்து அரசாங்கங்கள் ஏரிக்கரை ஓட்டலில் கூடி
கொடிகளை எந்த வரிசையில் நடுவதென்று அரைநாள் சண்டையிட்டு
மீதி அரைநாளில் கையெழுத்திட்டதாகக் கேள்வி.
எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி, பிஸ்கட்டோடு.
அடுத்த நாட்டு ஏட்டை இங்கிருந்தே கேட்கலாம்.
யார் கேட்டார், எதற்குக் கேட்டார் என்பது
ஏட்டில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.
அந்தக் கடைசி விதிக்காகத்தான் நான் அதை நம்பினேன்.
முன்பெல்லாம் கோப்பைப் பார்த்தவன் பெயர்
எந்தக் கோப்பிலும் இருக்காது.

அழுத்தினேன்.
நான்கு விநாடி.
பொருந்தும் பதிவு இல்லை.

உறையை எடுக்கக் கை நீட்டினாள் சமிலே.
பழக்கம்.

ஏனோ போனை எடுத்தேன்.
மறுமுனையில் லுல்யேதா என்றொரு பெண்.
என் மொழி அவளுக்குப் பள்ளியோடு நின்றது,
அவள் மொழி எனக்கு வணக்கத்தோடு.
ஊர்ப்பெயர்களை வைத்து எழுத்துக் கூட்டினோம்:
ஸ்கோப்யேயின் முதலெழுத்து, கோட்டோரின் முதலெழுத்து,
எல்பசான், நிஷ், துரஸ், மறுபடி எல்பசான்,
ரிசான், இஸ்தோக்.
ஒரு குடும்பப் பெயருக்குள்
எத்தனை சுங்கச்சாவடி!

பிறகு சமிலே. அதன் முதலெழுத்து.
நான் ஓர் ஊரைச் சொன்னேன்.
அந்த எழுத்தே எங்கள் நெடுங்கணக்கில் இல்லையே என்றாள்.
எப்படி இருக்கும்?
பிறை மாதிரி. பிறையின் தலையில் ஒரு கீறல்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஓர் இருமல்.
"அந்த ஒலிக்கு நாங்கள்
பூஜ்யம் போட்டு வால் வைப்போம். பார்க்கட்டுமா?"

வாலை வைத்தாள்.

பெண். மார்ச் இரண்டு. அதிகாலை நான்கு பத்து.
தகப்பன்: பஸ் ஓட்டுநர்.
ஏட்டோரத்துத் தண்ணீர்க் கறையையும்
விடாமல் ஸ்கேன் செய்திருந்தார்கள்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன், விதிப்படி கூடாது.
பெயரை அவள் பார்க்கவில்லை. நேரத்தைப் பார்த்தாள்.
"விடிவதற்கு முன்னாலா?" என்றாள்,
யாரும் இதுவரை சொன்னதில்லை போல.

அன்று மாலை மேலிடத்துக்கு எழுதினேன்:
கீறல் சுமந்த பிறையும் வாலுள்ள பூஜ்யமும்
ஒன்றென்று இயந்திரத்துக்குச் சொல்லிவையுங்கள்,
வரிசையில் இன்னும் எத்தனை பேரோ.
லுல்யேதாவும் தன் பக்கத்தில் எழுதினாள்.
பதில் வரவில்லை. போன வியாழன்
பொத்தான் தானாகவே கண்டுபிடித்தது
ஒரு கொத்தனாரை.

ஜூனில் தேர்தல்.
யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது.
அதைச் சொல்லும் பொத்தான்
ஒருநாளும் வரக்கூடாது.

மறு திங்கள் வந்தாள், பத்தாவது முறை.
இந்தத் தடவை பக்கத்து ஜன்னல், புகார்கள்.
பள்ளிக்கூட வாசலில் விளக்கு எரிவதில்லை
மூன்று வருஷமாக.
ரசீது கேட்டு வாங்கினாள்,
எண்ணை உரக்கப் படித்துச் சரிபார்த்தாள்.
எத்தனை நாளில் பதில் என்றாள்.
சட்டப்படி பதினைந்து.

"எண்ணுவேன்" என்று
எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

இன்றோடு பதினொன்று.
நானும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.