மழை நாள் கணக்கு

முதலீட்டின் மதிப்பு ஐந்தில் ஒரு பங்கு சரிந்தால்
என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது பாரம்.
அ. உடனே விற்பேன்.
ஆ. காத்திருப்பேன்.
இ. இன்னும் வாங்குவேன்.
நோராய்னி பேனா மூடியைத் திறந்து
என் பக்கம் திருப்பி வைக்கிறாள்.
வயது ஐம்பத்தைந்து. சேமநிதிப் பணம் வந்து பதினாறு நாள்.
கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம்
முகம் தெரியாத கைகளுக்கெல்லாம் உறை மாட்டிய காசு.

என் விடை அந்த மூன்றிலும் இல்லை:
எழுந்து போய் எண்ணிப் பார்ப்பேன்.

பலகையில் இந்த ஊருக்கு இப்போது வேறு பேர்.
எங்களுக்கு இது பத்தாங் பெர்ஜுந்தை.
விடியுமுன் மழை பிடித்தால் அன்று பால் வெட்டு இல்லை,
வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை,
பேர் இல்லையென்றால்
அப்பா விளக்கைத் தூண்டி மைலோ டின்னைக் கவிழ்ப்பார்.
தகரக் கூரையில் மழை, சிமெண்டுத் தரையில் சில்லறை.
பாயில் படுத்திருந்த எனக்கு இரண்டும் ஒரே சத்தம்.
நேற்றிரவு எண்ணிய அதே காசு.
குறைந்திருக்காது. கூடியும் இருக்காது.
ஆனாலும் எண்ணுவார்.

கன்று நட்டபின் ஏழு வருஷம்
கத்தி வைக்காமல் காத்திருக்கத் தெரிந்தவர்.
ஒரு நூல் ஆழம் கூடினாலும் மரம் காயப்படும் என்று தெரிந்தவர்.
காசை மட்டும் ஒரு நாளும் வெளியே நட்டதில்லை.
மரம் அவருடையதில்லை, அதனால் பொறுமை வந்தது.
டின் அவருடையது.

தாலந்தைப் புதைத்த ஊழியக்காரனைப் பற்றி
வருஷத்துக்கு ஒரு ஞாயிறாவது பிரசங்கம் வரும்.
போதகர் அவனைத் திட்டுவார்.
அப்பா குனிந்து சட்டைப் பொத்தானைப் பார்ப்பார்.
எங்கள் வீட்டில் யாரும் அவனைத் திட்டியதில்லை.
தூரத்துச் சொந்தக்காரன் போல, கொஞ்சம் பாவப்பட்டவன்.
எஜமான் கடுமையானவர் என்று பயந்தானாம்.
பயப்படாமல்?
கிராணியின் தராசில் பால் வாளி ஏறி இறங்கியதை
அவனும் சின்ன வயதில் பார்த்திருப்பான்.

அண்ணன் சற்குணமும் அந்தப் பாயில்தான் படுத்திருந்தான்.
அதே மழை, அதே டின்.
அம்மா கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் டின் காலியானது.
எண்ணி வைப்பது எப்படியும் போகும் என்று
அவன் படித்துக்கொண்டான்.
முதலில் நாலு நம்பர். இப்போது
கைப்பேசிக்குள் ஓடும் கண்ணுக்குத் தெரியாத காசு.
ஜொகூரிலிருந்து நடுராத்திரியில் கூப்பிடுவான்:
ஏறிருச்சு தங்கச்சி.
இறங்கிய இரவுகளில் கூப்பிடுவதில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்ததில்லை.
ஞாயிறு காலை டின்னிலிருந்து இரண்டு வெள்ளி எடுத்து
காணிக்கை உறைக்குள் போடும்போது
அப்பா அதைப் பார்க்கவே மாட்டார்.
மழை மாதத்திலும்.
பை கடந்து போன பிறகு அந்த விரல்கள்
கொஞ்ச நேரம் திறந்தே கிடக்கும்.
விசுவாசமா,
மேலே இருப்பவரும் பேர் வெட்டிவிடுவாரோ என்ற பயமா,
கேட்டு வைக்கவில்லை.
ஆனால் திறக்கத் தெரிந்த கை ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது.
அதையும் பார்த்துத்தானே வளர்ந்தேன்.

தசமபாகத்தை ரொக்கமாகக் கேட்டு வாங்கினேன்.
இரண்டு தடவை எண்ணினேன். ஆண்டவர் என்னை அறிவார்.
மீதியில் பாதி நிரந்தர வைப்பு.
மறுபாதிக்கு, ஆ.
கோடு கொஞ்சம் கோணிவிட்டது.

வெளியே வந்தால் சாலையெல்லாம் தண்ணீர்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று நனைந்து நிற்கிறது.
வங்கிக்குக் கான்கிரீட் கூரை,
மழை பெய்ததே உள்ளே கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எந்த எழுத்தில் குறி போட்டிருப்பேனோ.