ஜூலை முப்பத்தொன்று, நண்பகலுக்குள்

ஒப்பந்தத்தில் ஒரே வரிதான்:
படகைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும்,
ஜூலை முப்பத்தொன்று, நண்பகலுக்குள்.
ஜூன் அவனுக்கு. ஜூலை எனக்கு. ஆகஸ்ட் மறுபடி அவனுக்கு.
வீட்டை விற்றோம், காரை விற்றோம்.
'தேர்னா'வை மட்டும் வாங்க ஆளில்லை.
வயது நாற்பத்திரண்டு, எஞ்சினுக்கு இருமல்.

காலை ஆறு. பூஹுஸ்லேன் கரையில்
இந்நேரத்துக்கு வெயில் பழைய ஆள்.
தேக்குத் தளத்தில் தொடங்குகிறேன்.
மரத்தின் ரேகையோடு தேய்த்தால்
மெத்தென்ற பகுதி கரைந்து போகும்;
குறுக்கே தேய்க்க வேண்டும்,
மெல்லிய தூரிகை, கடல்நீர், அவசரப்படாத கை.
பதினெட்டு வருஷம் நாங்கள் இருவரும்
ரேகையோடுதான் தேய்த்தோம், மும்முரமாக.
தளம் வரப்பு வரப்பாய் எழுந்து நின்ற பிறகுதான்
பெயின்ட் கடைக்காரி சொன்னாள்.

புளூபெர்ரி தின்ற கடற்காகத்தின் எச்சம் ஊதா.
ஊறவைத்துத் துடைக்க வேண்டும். சுரண்டினால் அது ஜெயிக்கும்.

மெத்தை உறைகளை நேற்றே கழற்றித் துவைத்திருந்தேன்.
கடல்நீர் பட்ட துணி ஒருநாளும் காய்வதில்லை,
காய்ந்ததுபோல் நடிக்கும்.
இரவானால் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம்
உப்பு கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளும்.
நன்னீரில் மூன்று முறை அலசினால்தான்
அதற்கு மறதி வரும்.
ஜிப் நகரவில்லை.
பென்சில் முனையைப் பல்லுக்குப் பல் தேய்த்தேன், இறங்கியது.

இடப்பக்க இருக்கை, இரண்டாவது மெத்தை.
உறையின் உட்புறம், மூலையில்,
ஒரு தையல்.
நீல நூல், மெழுகு பூசியது.
ஒவ்வொன்றும் அரிசி நீளம், எல்லாம் ஒரே சாய்வு.
வெளியே தெரியாது.
தெரியாமல்தான் ஒரு மாதம் முழுக்க
அதன்மேல் உட்கார்ந்து காபி குடித்தேன்.

ஸோல்வேயின் தையல் எனக்குத் தெரியும்.
அவன் தைத்தால் மீன்வலை.
அறுந்த பொத்தானை எபாக்சி வைத்து ஒட்டியவன் அவன்.
என்னுடையதும் இல்லை இது.
என் ஊசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள்,
தொட்டதும் தாண்டிவிடுவாள்.

எண்ணினேன். இருபத்துமூன்று.
முடிச்சைத் தேடினேன், அகப்படவில்லை.
முடிச்சை ஒளிக்கத் தெரிந்த ஒருத்தி.
ஒருத்திதான்.
மேசை இழுப்பறையில் கிடந்த கொண்டை ஊசியை
என்னுடையது என்றே நினைத்து
ஜூலை முழுக்கக் குத்திக்கொண்டிருந்தேன்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.
நண்டுப் படகு ஒன்று கடந்து போனது.
அதன் அலை கொஞ்சம் தாமதித்து வந்து
என் வாளியை இரண்டு விரற்கடை நகர்த்தியது.

பிறகு கைப்பிடிக் கம்பிகளில் தேநீர் நிறத் துரு.
பிறகு கதவுக்குப் பின்னால் பூசணம், அதற்கு வினிகர்.
பிறகு வெளிப்பக்கம்:
வெண்மை வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருந்தது,
தொட்டால் கையோடு வரும்.
பாலிஷ் வைத்து வட்டம் வட்டமாக,
முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும் என்பது கணக்கு.
தெரிந்தது.
அந்த இடத்தில் அதிக நேரம் நிற்கவில்லை.

பதினொன்றே முக்கால். பதிவேட்டில் எழுதுகிறேன்:
டீசல் முக்கால் டாங்க்.
அடித்தளத் தண்ணீர் இறைத்துத் துடைத்தாயிற்று.
முன்னறை ஜன்னல் கசிகிறது, மழையில் மட்டும்.
பேனாவை மூடிவிட்டுத் திறந்து, இதையும்:
வலப்பக்க மெத்தையிலும் மூலை விடத் தொடங்கிவிட்டது.
நான் தொடவில்லை.
நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள்.
இத்தனை வருஷத்தில் அவனுக்கு
நீ என்றுதான் எழுதியிருக்கிறேன்,
வக்கீல் வழியாகப் போன கடிதத்தில்கூட.
மரியாதை என்று அவன் சிரித்துக்கொள்ளட்டும்.
பன்மை என்று அவளுக்குப் புரியும்.

கொண்டை ஊசியை இழுப்பறையில்
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
சாவியை ஆணியில் மாட்டி,
வாளியோடு கரையேறினேன்.
பாதித் தூரத்தில் திரும்பினால்
துடைத்த தளத்துக்கு நேர்மேலே, பாய்மர உச்சியில்,
ஒரு கடற்காகம் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.
மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.
இன்னும் இரண்டு நிமிஷம் அது பொறுத்தால்
ஆகஸ்டின் பாடு.