மூன்று புள்ளி ஒன்று ஆறு

அந்த எண்ணுக்குப் பெயர் பர்கண்டி.
எம்.சி. ரோட்டு ஃபேன்சி கடையில் நூற்றெழுபத்தைந்து,
பேசிப் பேசி நூற்றறுபது.
அட்டையில் சிரிப்பவளுக்குத்
தோள் வரைக்கும் நாவல்பழச் சாறு.

காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து
நாற்பத்தெட்டு மணி நேரம் பார்க்கச் சொன்னது தாள்.
பார்த்தேன்.
அந்தச் சொட்டோடு வெள்ளிக்கிழமை முழுக்க
பிறப்புச் சான்றிதழ்களில் கொம்பும் காலும் திருத்தினேன்.
அரிக்கவில்லை.

ஞாயிறு.
பழைய நைட்டி, நெற்றி ஓரத்துக்குத் தேங்காயெண்ணெய்.
தயிர் டப்பாவில் ஒன்றாம் ட்யூபும் இரண்டாம் ட்யூபும்.
எவர்சில்வர் கூடவே கூடாதாம்.
கலக்கக் கலக்க
காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் குழாய் கசிந்த அன்று
தெருவையே எழுப்பிய நெடி.
"நீ இன்னா மீனாடி, கெடாம வெக்கிறதுக்கு?"
என்றபடி எஸ்தர்ராணி
மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு
என் தலையை நான்காகப் பிரித்தாள்.

நரை இல்லை எனக்கு.
அதுதான் எல்லோருக்கும் பிரச்சினை.
வெள்ளையைக் கறுப்பாக்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை.
முப்பத்தாறு வயதில் கருகருவென்று இருப்பதை
எதற்கு?
தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

அட்டையின் மூலையில் 'நிரந்தரம்' என்று போட்டிருந்தது.
திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில்
பதினோரு வருஷமாக என் பெயரை அடுத்து 'தற்காலிகம்'.
சிரிப்பு வந்துவிட்டது.
"ஆடாதடி. காதுல பட்டா போவாது."

முப்பத்தைந்து நிமிஷம் வைக்க வேண்டும்.
முப்பதிலேயே அடிபம்பு இருமியது.
நான்கு மக் வந்தது. ஐந்தாவதுக்குக் காற்று.
எஸ்தர் தொங்கித் தொங்கி அடித்தாள்.
குனிந்த தலையோடு, மூடிய கண்ணோடு
கேட்டுக்கொண்டிருந்தேன்,
இரும்பு இரும்பைத் தேய்ப்பதை.
லாரி செவ்வாய்க்கிழமைதான்.

கீழ்வீட்டு நஸ்ரின்
சமையலுக்கு மூடி வைத்திருந்த பச்சைக் குடத்தோடு ஏறி வந்தாள்.
யாரும் கூப்பிடவில்லை.
போய் இன்னொன்றும் எடுத்து வந்தாள்.
தண்ணீர் தெளியும்வரை அலசவும் என்று இருந்தது தாளில்.
இரண்டு குடத்துக்கு எவ்வளவு தெளியுமோ அவ்வளவு.
சந்தில் ஓடிய சிவப்பைச் சைக்கிளில் தாண்டிய பையன்
"யார் ஊட்லயோ கோழி" என்றான்.

உலர்த்தி, சீவி,
ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றால்
கறுப்பு.
கடைக்குப் போகுமுன் இருந்த அதே கறுப்பு.
டிவியிலிருந்து திரும்பி
"எங்கே?" என்றார் அவர்.
இடது காதுமடலில் இருந்தது.
எஸ்தரின் முழங்கையில் இருந்தது.
பச்சைக் குடத்தின் கழுத்தில்
ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது.

திங்கள், ஷேர் ஆட்டோ.
எண்ணூர் சாலையில் வலப்பக்கம் முழுக்க
துறைமுகத்துக்கு வரிசை நிற்கும் கன்டெய்னர்கள்.
அவற்றின் நிழலுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தோம்.
ஏதோ ஒரு டிரைவர்
முன் லாரியை ஒட்டாமல் விட்ட இடைவெளியில்
கடலில் இருந்து நேரே வந்தது வெயில்.
மடியில் அன்னக்கூடையோடு எதிரே இருந்த அம்மா
"ஏ, இன்னாமா இது, தலைல நெருப்பு கீது" என்றாள்.
பின்னலை முன்னால் இழுத்துப் பார்ப்பதற்குள்
அடுத்த கன்டெய்னர்.

அடுத்த இடைவெளிக்குப்
பின்னலைக் கையில் பிடித்தே வைத்திருந்தேன்.
அந்த அம்மாவும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அலுவலகத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
பன்னிரண்டு பிறப்பு, ஒரு பெயர் மாற்றம்.
சாப்பாட்டு நேரத்தில்
டிபன் மூடியை எடுத்துக்கொண்டு படிக்கட்டு ஜன்னலுக்குப் போனேன்.
கொஞ்ச நேரம் நின்றேன்.

நஸ்ரினுக்கு இரண்டு குடம் தர வேண்டும்.