மூன்றாம் சல்லடை

ஜில்லா கச்சேரி சித்தூரை விட்டு
வேலூருக்குக் குடிவந்த வருஷம்.
பாலமதி மலையடியில் கித்தான் விரித்து
ஒரு துப்பாக்கியைப் படுக்க வைத்தார்கள்,
பிள்ளை பெற்றவளைப் படுக்க வைப்பதுபோல.

எனக்கு மணல் சலிக்கிற வேலை. நாளுக்கு மூன்றணா.
முதல் சல்லடை கொத்தனாருக்கு.
இரண்டாம் சல்லடை பாத்திரம் துலக்குகிறவர்களுக்கு.
மூன்றாவது, பழைய புடவைத் துணியில் சலித்தால்
விபூதிபோல் கீழே இறங்கும்.
அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.
துரை கேட்டார்.

ஆர்மரர் மொகைதீன் கான் எனக்குச் சொன்னது:
பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும்
தாழ்ப்பாளைத் தூக்கணும், இழுக்கணும்,
தள்ளணும், மடக்கணும். நாலு அசைவு.
இதற்கு அது வேண்டாம்.
குழலில் ஊசிமுனை அளவு ஒரு துளை.
வெடித்த புகை அதன் வழியே திரும்பி
ஒரு கம்பியை உதைக்கும்.
கம்பி தாழைத் திறக்கும்.
வெந்த கூடு வெளியே, புதுத் தோட்டா உள்ளே.
“விரலை மட்டும் மடக்கு தனகோட்டி,
மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.”

இதுபோல் நாலைந்து பார்த்துவிட்டானாம்.
ஒன்றில் குழலே பின்னுக்கு ஓடிவந்து
ஆட்டுக்கடாபோல் தோளில் முட்டும்.
ஒன்றுக்குத் தோட்டாவில் மெழுகு பூசித் தரணும்,
நம் சித்திரை வெயிலில் மெழுகெல்லாம் பெட்டியிலேயே ஒழுகிவிட்டது.
ஒன்று முந்நூறாவது வெடியில்
மரக்கட்டை கருகி, சுட்டவன் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.
சீமையில், ருஷியாவில், இன்னும் பெயர் வாயில் நுழையாத தேசங்களில்
அவனவன் பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறானாம்,
அந்த நாலு அசைவையும் எடுத்துவிட.

முதல் நாள் அது சுட்டதைக் கேட்டேன்.
அவல் இடிக்கிற சத்தத்தில்
உலக்கை தூக்கும் நேரத்தை மட்டும்
யாரோ திருடிக்கொண்டதுபோல் இருந்தது.

இரண்டாம் நாள் என் மணல்.
துரையே ஒரு பிடி அள்ளி
அதன் வாயிலும் வயிற்றிலும் தூவினார்.
பத்து வெடித்தது.
பதினொன்றாவது பாதி நுழைந்து நின்றது.
உதைத்தார்கள். எண்ணெய் விட்டார்கள்.
பூட்ஸ் குதிகாலால் மிதித்தார்கள்.
அந்த அமைதியில்
எவனோ அவிழ்த்துவிட்ட வெள்ளாடு ஒன்று
குறிப்பலகைக்கு முன்னால், அவசரமில்லாமல்,
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வாணியம்பாடியை ஆறு அள்ளிப்போன இரவில்
என் வீட்டுக்காரரையும் அள்ளிப்போனது.
உடம்பு கிடைக்கவில்லை.
இந்த மணலில்தான் எங்கேயாவது இருப்பார்.
இருந்த நாளிலும் அப்படித்தான்,
வாசலில் குறுக்கே நின்றால் நகரமாட்டார்,
மாட்டுவண்டியே ஒதுங்கிப் போகணும்.

துரைக்குக் கோபமே இல்லை, அதுதான் ஆச்சரியம்.
நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.
மூன்றாம் சல்லடையில் பன்னிரண்டு டின் வேண்டும்,
ஈயம் வைத்து அடைத்துச் சீமைக்கு அனுப்பணும் என்றார்.
அங்கே பட்டறையில் தினமும் இதைத் தின்னக் கொடுப்பார்களாம்,
செரிக்கிறவரைக்கும்.

எதற்கென்று தெரிந்துதான் சலித்தேன்.
கல் கலக்கலாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன்.
கலக்கவில்லை.
டின்னுக்கு ஆறணா பேசியிருந்தது.

சண்டை வந்தது. மொகைதீன் கான் பஸ்ராவுக்குப் போனான்.
ஒரே ஒரு கார்டு. தபால்காரர் நின்றபடியே படித்தார்:
இங்கேயும் மணல். உன் மணலைவிடப் பொடி.
எங்கள் கையில் பழசுதான், நாலு அசைவு.
புதுசு இன்னும் பழகுகிறதாம்.
எதிரில் இருக்கிறவனும் நாலு அசைவுதான்,
அந்த இடைவெளியில்தான்
நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிகிறோம்.

கார்டைச் சல்லடைச் சட்டத்தில் செருகி வைத்தேன்.
ஆட்டும்போதெல்லாம் நழுவி விழுகிறது.

பன்னிரண்டில்
ஒரு டின்னுக்கு இன்னும் காசு வரவில்லை.