மூன்றாம் வேற்றுமை

பக்கத்துக்கு மூன்று வெள்ளி.
தமிழ் என்றால் ஐம்பது காசு கூட,
விசைப்பலகையில் ஒற்று ஒளிந்துகொள்வதால்.
சுங்கை கெரியாங் பஸ் நிலையத்துக்கு எதிரே
உரக்கடைக்கும் பசியாறும் கடைக்கும் நடுவில்
ஒரு நகல் இயந்திரம், ஒரு கணினி, நான்.

திங்கட்கிழமை கிராணி அற்புதநாதன் வந்தார்.
கையில் நிர்வாகத்தின் மலாய்க் கடிதம்.
"தமிழ்ல போடும்மா. படிச்சா கோபம் வரக்கூடாது."

கோபம் வராமல் எழுத எனக்குத் தெரியும்.
முதலில் 'அன்பார்ந்த'.
அடுத்து 'மேம்பாடு'. இடக்கரடக்கல்:
இடிப்பதற்குக் கட்டிவிடும் சலவை வேட்டி.
பிறகு ஒரு நீண்ட வாக்கியம்,
குலை ஏற்றிய செம்பனை லாரிபோல;
பின்னால் வருகிறவர் முந்தவும் முடியாது,
வினைமுற்று வந்து சேர்வதற்குள்
கண் சொருகிவிடும்.
அந்தக் கடைசியில்தான் வைத்தேன்:
'நான்காம் லயம் காலி செய்யப்படும்.'

செய்கிறவர் இல்லை.
மழை பெய்வதுபோல, டுரியான் விழுவதுபோல
தானாக நடக்கும்.
மலாயில் 'ஓலே' என்று ஒரு சொல் இருந்தது.
நிர்வாகத்தால் என்று சொல்லும் அந்த 'ஆல்'.
தமிழில் அதைத் தவறவிட்டேன்.
தவறவிட்டேன் என்று சொல்வதும்
ஓர் உத்திதான்.

"அழகா இருக்கு" என்றார்.
மீதிக் காசை வாங்காமல் போனார்.

புதன்கிழமை நான்காம் லயத்து ஆட்கள், ஆறு பேர்.
மாவட்ட அதிகாரிக்கு மனு.
அதே கணினி, அதே விலை.
இப்போது வாக்கியங்களை வெட்டினேன்.
பெருமாயி. வயது நாற்பத்தொன்று.
முதுகில் மருந்துத் தொட்டி, பத்தொன்பது வருடம்.
வினை வைக்கவில்லை. காலியாகக் கிடந்தால்
வாசிப்பவர் தானே ஏறி உட்காருவார்.
'எங்கே போவோம்' மூன்று இடத்தில்,
ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சிறிய வரியில்.
சங்கிலிமுத்து தன் எட்டுக் கோழிகளைச் சொன்னார்.
"அதிகாரிக்கு எதுக்குக் கோழி?" என்று மற்றவர்கள் அடக்கினார்கள்.
நான் கோழியை விடவில்லை.
முப்பத்திரண்டு குடும்பம் என்றால்
அதிகாரி தலையாட்டுவார்.
எட்டுக் கோழி என்றால் நிமிர்ந்து பார்ப்பார்.

வாசித்துக் காட்டினேன். பெருமாயி அழுதாள்.
எனக்குக் கொஞ்சம் பெருமை.
அந்தப் பெருமையைப் பார்த்ததும்
ஒரு மாதிரி ஆகிவிட்டது.
"இது நானா?" என்று கேட்டாள்.
மைப்பெட்டியைக் கழற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தேன்,
காதில் விழாததுபோல.

வெள்ளி காலை பெரட்டுக் களத்துப் பலகையில்
என் அறிவிப்பைப் பார்த்தேன்.
'காலி செய்யப்படும்' என்பதன் அடியில்
நீலப் பேனா, அழுத்திய எழுத்து:
'யாறால்?'

வல்லின ற. பிழை.
உவமை இல்லை, அடுக்கு இல்லை, ஒரு கோழிகூட இல்லை.
நான் தூக்கிப் போட்ட வேற்றுமை உருபை
யாரோ தேடி எடுத்துவந்து
அதன் இடத்திலேயே வைத்திருந்தார்கள்.

என் கைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா உண்டு.
கல்யாணப் பத்திரிகை, கோவில் துண்டறிக்கை,
கறிக்கடைப் பலகை, எதையும் விட்டதில்லை.
அன்று பையின் ஜிப்பைத் தொட்டுவிட்டு
பேசாமல் வந்தேன்.

மாலையில் கிராணி அந்தத் தாளோடு வந்தார்.
"கிறுக்கித் தொலைச்சிட்டானுங்க.
புதுசா ஒண்ணு அடிச்சு வைம்மா,
தே குடிச்சிட்டு வந்துடறேன்."

தாளைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
வெளிச்சம் ஒரு தடவை அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது.
நீலம் கறுப்பாக விழுந்தது, பிழையோடு.
நாற்பது தாள், இன்னும் சூடாக.

கணக்குப் புத்தகத்தில்
'நாற்பது பிரதி எடுக்கப்பட்டது' என்று
பழக்கத்தில் எழுதிவிட்டேன்.
அடித்தேன்.
'எடுத்தேன்' என்று எழுதினேன்.
தொகைக் கட்டம் இன்னும் காலி.
எதிர்க்கடையில் கிராணி
கிளாஸைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்.